ரிஷார் தடை, 1955: அடித்தது தப்புதான், ஆனால் தடை போட்டவர் ஏன் கேலரியில் வந்து உட்கார்ந்தார்?

#1 மொன்றியல் குமரன் | மார்ச் 17, இரவு 8.10

இன்றைக்கு மார்ச் 17. இங்கே சென் பற்றிக் திருநாள் என்று சனம் பச்சைச் சட்டையோடு திரியும். என் கீழ்வீட்டுக்காரர் எண்பது தாண்டிய பிரெஞ்சுக் கிழவர். அவருக்கு மட்டும் இது வேறு நாள். காலையில் படிக்கட்டுப் பனிக்கு உப்புப் போட்டுக்கொண்டு நின்றவரிடம் என்ன யோசனை என்று கேட்டேன். "இன்றைக்குத்தான் ரிஷாருக்காகக் கண்ணாடி உடைத்தோம்" என்றார். அப்போது அவருக்குப் பத்து வயது. உடைக்கப் போனது அவர் இல்லை, அவருடைய பெரியண்ணன். ஆனாலும் "உடைத்தோம்" என்றுதான் சொல்லுவார்.

இந்தப் பக்கம் கிரிக்கெட்டும் கால்பந்துமாகவே ஓடுகிறது. ஐஸ் ஹொக்கி என்றால் பல்லுப் போன ஆட்கள் சண்டை பிடிக்கும் ஆட்டம் என்று நினைப்பவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மொன்றியல் கனேடியன்ஸ் அணியின் மொரிஸ் ரிஷார். பட்டப்பெயர் ராக்கெட், சட்டை எண் 9. 1944-45 பருவத்தில் 50 ஆட்டத்தில் 50 கோல் அடித்தவர். 1955 மார்ச் 13 அன்று பொஸ்டனில் ஆட்டம். பொஸ்டன் தடுப்பாளர் ஹால் லேக்கோ தூக்கிய ஸ்டிக் ரிஷாரின் தலையில் பட்டு இரத்தம் வந்தது. பிறகு ஐந்து தையல். ரிஷார் நேரே போய்த் தன் ஸ்டிக்கால் லேக்கோவை அடித்தார். பிடித்து விலக்கினார்கள். உதறிக்கொண்டு மறுபடியும் போனார். ஒரு ஸ்டிக் லேக்கோவின் முதுகில் முறிந்தது. இறுக்கிப் பிடித்த லைன்ஸ்மன் கிளிஃப் தொம்சனின் முகத்தில் இரண்டு குத்து.

மார்ச் 16 அன்று தேசிய ஹொக்கி லீக்கின் (என்.எச்.எல்.) தலைவர் கிளாரன்ஸ் காம்பெல் தன் மொன்றியல் அலுவலகத்தில் விசாரித்து முடிவைச் சொன்னார்: பருவத்தில் மிச்சம் இருந்த 3 ஆட்டமும் பிளேஆஃப் முழுவதும் தடை. மறுநாள் இரவே மொன்றியல் ஃபோரமில் டெட்ராய்ட் அணியோடு ஆட்டம். இரண்டு அணியும் புள்ளியில் சமம், முதலிடத்துக்குப் போட்டி. அந்த ஆட்டத்துக்குக் காம்பெல் வந்தார். வந்து தன் இருக்கையில் உட்கார்ந்தார்.

பிறகு நடந்ததுதான் கிழவர் சொன்ன கண்ணாடி. எனக்கு ஒரு கேள்வி. சனத்துக்கு வந்த கோபம் தடையின் நீளத்துக்கா, தடை போட்ட ஆளுக்கா?

#2 சேப்பாக்கம் சேகர் | இரவு 8.31

அண்ணா, நீங்கள் சொன்னதை வைத்தே கேட்கிறேன். நடுவரில் ஒருவரை முகத்தில் இரண்டு குத்து விட்டவனுக்கு லீக் என்ன மாலையா போடும்? எங்கள் கிரிக்கெட்டில் அம்பயரின் முடிவுக்கு முகம் சுளித்தாலே மேட்ச் ஃபீஸில் கை வைக்கிறார்கள். ரிச்சர்ட் செய்ததை இன்றைக்கு ஒருவர் செய்தால் ஆயுள் தடை கேட்பார்கள். இதில் அநியாயம் எங்கே இருக்கிறது?

#3 மொன்றியல் குமரன் | இரவு 9.02

ரிச்சர்ட் இல்லை தம்பி, ரிஷார். பிரெஞ்சுப் பெயர். இந்தச் சண்டைக்கே அதுதான் வேர், அதனால் திருத்துகிறேன், கோவிக்காதீர்கள்.

ரிஷார் சுத்தம் என்று ஒருவரும் சொல்லவில்லை, கீழ்வீட்டுக் கிழவரும் சொல்லமாட்டார். முதல் குற்றமும் இல்லை. அதே பருவத்தில், 1954 டிசம்பரில் ரொறன்ரோவில் இன்னொரு லைன்ஸ்மனைக் கையுறையால் முகத்தில் தட்டி 250 டொலர் கட்டியவர். மூன்று மாதம் முடிவதற்குள் மறுபடியுமா என்று காம்பெல் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் பழைய கணக்கு ஒன்று உண்டு. ரிஷார் ஒரு பிரெஞ்சு வாரப் பத்திரிகையில் பத்தி எழுதிவந்தார். 1954 ஜனவரியில், சக ஆட்டக்காரர் ஜெஃப்ரியோனுக்குக் கிடைத்த தடை பற்றி எழுதும்போது காம்பெலைச் சர்வாதிகாரி என்று எழுதிவிட்டார். லீக் விடுமா? மன்னிப்புக் கேட்க வைத்தது, இனி இப்படி எழுதமாட்டேன் என்பதற்கு 1,000 டொலர் ஈடும் கட்ட வைத்தது. பத்தியும் நின்றுபோனது.

இப்போது பாருங்கள். 1955-ல் குற்றத்தை விசாரித்தவர் காம்பெல். தண்டனையை முடிவு செய்தவர் காம்பெல். ஒரு வருடம் முன்னால் அதே ஆட்டக்காரரிடம் சர்வாதிகாரி என்று பேச்சு வாங்கியவரும் காம்பெல். இவ்வளவுக்கும் ஆள் சாதாரணப்பட்டவர் இல்லை. ஒக்ஸ்ஃபோர்டில் ரோட்ஸ் புலமைப்பரிசிலில் படித்தவர், போருக்குப் பிறகு போர்க்குற்ற விசாரணையில் கனடா தரப்பு வழக்கறிஞராக நின்றவர், அதற்கு முன் லீக்கிலேயே நடுவராக இருந்தவர். சட்டம் வடிவாகத் தெரிந்தவர். ஒருவருடைய வழக்கில் தனக்குச் சொந்தப் பிணக்கு இருந்தால் அந்த நாற்காலியை விட்டு எழும்ப வேண்டும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

லேக்கோவுக்கு என்ன கிடைத்தது? அந்த ஆட்டத்தில் ஐந்து நிமிடமும் பத்து நிமிடமும் வெளியே. அவ்வளவுதான்.

#4 மஞ்சப்படை மணி | இரவு 9.10

பிளேஆஃப் முழுக்கத் தடை என்பதுதான் அடி. எங்கள் கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணியின் கோச்சுக்கு 10 மேட்ச் போட்டது ஞாபகம் வருது.

#5 நிலா | இரவு 9.44

மணி சொன்ன இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. "3 ஆட்டமும் பிளேஆஃபும்" என்று எழுதினால் சின்னதாகத் தெரிகிறது. அந்த 3 ஆட்டத்தில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும்.

தடை வந்த நாளில் அந்தப் பருவத்தின் புள்ளிப் பட்டியலில் முதலில் இருந்தவர் ரிஷார். கோலும் கோலுக்குக் கைகொடுத்ததும் சேர்த்து அதிகப் புள்ளி எடுப்பவருக்கு ஆர்ட் ராஸ் விருது. அவ்வளவு கோல் அடித்த மனிதர், அந்த விருதை அதுவரை வாங்கியதில்லை. மிச்சம் 3 ஆட்டத்தில் அவர் வெளியே உட்கார, அவருடைய அணியிலேயே ஆடிய பெர்னி ஜெஃப்ரியோன் ஒரே ஒரு புள்ளியில் முந்திவிட்டார். 75-க்கு 74. அதற்குப் பிறகும் ரிஷாருக்கு அந்த விருது கிடைக்கவில்லை. 1960-ல் ஓய்வு பெற்றார், 544 கோல், ஆர்ட் ராஸ் பூஜ்யம்.

இதில் எனக்குப் பாவமாக இருப்பது ஜெஃப்ரியோன். 1954-ல் ரிஷார் பத்தி எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டது இவருக்காக. 1955-ல் இவர் ரிஷாரை முந்தினார் என்று சொந்த ஊர் ரசிகர்களே இவரைக் கூவி விரட்டினார்கள். அவர் என்ன செய்வார், கோலை அடிக்காமல் பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) ஓரமாகத் தள்ளிவிடுவாரா? அணி முதலிடத்துக்குப் போராடிக்கொண்டு இருக்கிறது. ரசிகர் கோபத்துக்குத் திசை கிடையாது, பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்கள் மேல் விழும்.

#6 சேப்பாக்கம் சேகர் | இரவு 10.05

சரி, ரிஷார். திருத்திக்கொண்டேன்.

குமரன் அண்ணா சொன்ன "விசாரித்தவரும் அவரே" என்பதைப் படித்ததும் 2001 போர்ட் எலிசபெத் டெஸ்ட் ஞாபகம் வந்தது. மேட்ச் ரெஃபரி மைக் டென்னஸ். ஒரே டெஸ்டில் 6 இந்தியருக்குத் தண்டனை. டெண்டுல்கர் பந்தின் தையலில் ஒட்டியதை நடுவரிடம் சொல்லாமல் எடுத்தார் என்று ஒரு டெஸ்ட் தடை, அதை நிறுத்திவைத்து 75 சதவீத மேட்ச் ஃபீஸ் அபராதம். சேவாக்குக்கு நிஜமாகவே ஒரு டெஸ்ட் தடை, அளவுக்கு மீறி அப்பீல் செய்ததற்காக. அதே மேட்சில் அதே மாதிரி கத்திக்கொண்டு இருந்த தென்னாப்பிரிக்கர் ஒருவர் மேலும் நடவடிக்கை இல்லை. கொல்கத்தாவில் உருவ பொம்மை எரித்தார்கள். நாடாளுமன்றம் வரைக்கும் போனது.

பின்விளைவுதான் பெரிது. டென்னஸை மாற்றாவிட்டால் அடுத்த டெஸ்ட் ஆடமாட்டோம் என்று நம் வாரியத் தலைவர் டால்மியா நின்றார். தென்னாப்பிரிக்க வாரியம் டென்னஸை ஒதுக்கிவிட்டு செஞ்சூரியனில் ஆட்டத்தை நடத்தியது. அதை டெஸ்டாகவே கணக்கில் எடுக்கமாட்டோம் என்றது ஐசிசி. கிரிக்கெட்டில் கடைசிச் சொல் யாருடையது என்ற கேள்விக்கு அன்றைக்கே பதில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள் என்பேன். அன்றைக்கு நான் கைதட்டினேன். இன்றைக்கு நம் வாரியம் மற்ற நாடுகளிடம் நடந்துகொள்வதைப் பார்த்தால், தட்டிய கையைக் கொஞ்சம் தேய்த்துக்கொள்கிறேன்.

#7 மஞ்சப்படை மணி | இரவு 10.20

2023 மார்ச் 3, கண்டீரவா ஸ்டேடியம். நான் கேலரியில் இருந்தேன், வேலை அங்கேதான். எக்ஸ்ட்ரா டைமில் எங்கள் தடுப்புச் சுவர் நிற்கும் முன்னாலேயே பெங்களூரு அணியின் சேத்ரி ஃப்ரீகிக்கை அடித்துவிட்டார், ரெஃபரி கோல் என்றார். எங்கள் கோச் வூக்கோமனோவிச் மொத்த பிளாஸ்டர்ஸ் டீமையும் கூப்பிட்டுக்கொண்டு வெளியே போனார். முதலில் சும்மா மிரட்டுகிறார் என்று நினைத்தேன். திரும்பி வரவே இல்லை.

கிளப்புக்கு 4 கோடி அபராதம், கோச்சுக்கு 10 மேட்ச் தடையும் 5 லட்சமும். வெளிநடப்பு தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எது எதற்கு எவ்வளவு என்ற ரேட்டை யார் எழுதினார்கள்?

#8 கூடிசன் ராஜா | மார்ச் 18, காலை 6.15

நான் லிவர்பூல் பக்கம் இருக்கிறேன், எவர்ட்டன்காரன். ரேட்டைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு.

2023 நவம்பர் 17 அன்று எங்களுக்குக் கால்பந்து பிரீமியர் லீக்கில் 10 புள்ளி வெட்டினார்கள். மூன்று வருடக் கணக்கில் 105 மில்லியன் பவுண்டு வரை நஷ்டம் காட்டலாம், நாங்கள் 124.5 மில்லியன் காட்டினோம். 19.5 அதிகம். விதியை மீறினோம், அதில் பேச்சில்லை. ஆனால் 10 என்ற எண் எங்கிருந்து வந்தது? இவ்வளவு மீறினால் இவ்வளவு வெட்டு என்று முன்கூட்டி எழுதிய அட்டவணை ஏதும் கிடையாது. 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டில் அதே குற்றத்துக்கு 6 ஆக்கினார்கள். நாலு புள்ளி மூன்று மாதம் எங்கே போய்விட்டு வந்தது? ஏப்ரலில் இன்னொரு கணக்குக்கு இன்னும் 2 வெட்டு. பக்கத்து ஊர் மான்செஸ்டர் சிட்டி மேல் 2023 பிப்ரவரியிலேயே 100-க்கு மேல் குற்றச்சாட்டு. எங்களுக்கு இரண்டு தடவை வெட்டி முடித்த பிறகும் அது நடந்துகொண்டே இருந்தது.

தீர்ப்புக்குப் பிறகு எங்கள் கூடிசன் மைதானத்தில் முதல் மேட்ச், மான்செஸ்டர் யுனைடெட். எல்லார் கையிலும் இளஞ்சிவப்பு அட்டை, லீக்கின் சின்னம் போட்டு "ஊழல்" என்று ஒரே சொல். எனக்கு இடது பக்கம் ஒரு பாட்டி. கையில் தெர்மாஸ் இருந்ததால் அட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார். மொத்த ஸ்டாண்டும் இளஞ்சிவப்பு. காது அடைக்கிற சத்தம். மூன்றாவது நிமிடம் கர்நாச்சோ அந்தரத்தில் புரண்டு ஒரு கோல் அடித்தான் பாருங்கள். ஊழலாவது ஒன்றாவது. அந்த வருடத்தின் கோல். பாட்டி அட்டையை எடுத்துவிட்டுச் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. 3-0 தோற்றோம்.

#9 சேப்பாக்கம் சேகர் | காலை 7.40

ராஜா, நீங்கள் அட்டை பிடித்தீர்கள். நாங்கள் இரண்டு வருடம் டிவியை அணைத்துவைத்தோம். 2015 ஜூலை 14, லோதா குழு. குருநாத் மெய்யப்பன் பந்தயம் கட்டினார் என்பதற்கு அவருக்கு ஆயுள் தடை, அது சரி. எங்கள் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கே ஐபிஎல்லில் இரண்டு வருடம் தடை என்றால்? தோனி புனேவுக்கு ஆடுகிறார், ரெய்னா குஜராத்துக்கு ஆடுகிறார். தெருவில் மஞ்சள் சட்டை போட்ட பையன் செய்த குற்றம் என்ன?

#10 நிலா | காலை 8.02

சேகர், இதை ரிஷாரோடு சேர்க்காதீர்கள். அது லீக் போட்ட தண்டனை இல்லை, உச்ச நீதிமன்றம் அமைத்த குழு போட்டது. குற்றம் சாட்டப்பட்டவரின் மாமனாரே வாரியத் தலைவராக இருந்ததால்தான் நீதிமன்றம் உள்ளே வர வேண்டியிருந்தது. காம்பெல் கதையில் எதை அநியாயம் என்கிறோமோ, தன் வழக்கில் தானே நாற்காலியில் இருப்பது, அதை உடைத்த தீர்ப்பு அது. 2017 ஜனவரியில் வாரியத் தலைவரையும் செயலாளரையும் நீதிமன்றம் வெளியேற்றியது வரைக்கும் போனது அதன் தொடர்ச்சிதான். உங்களுக்கு வலித்தது நிஜம். வலித்ததெல்லாம் அநியாயம் ஆகாது.

#11 சேப்பாக்கம் சேகர் | காலை 8.09

மூளைக்குப் புரிகிறது அக்கா. சட்டைக்குப் புரியவில்லை.

#12 வட்டம் முருகேசன் | காலை 11.30

பெரிய லீக் கதையாகவே போகிறது. சின்னதில் ஒன்று சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். இருபது வருடம் முன்னால் ஒரு மாவட்ட கிரிக்கெட் லீக்கில் மூன்றாவது டிவிஷன் ஆடிக்கொண்டிருந்தேன். எங்கள் விக்கெட் கீப்பர், டைலர் கடையில் காஜா எடுக்கும் பையன், ரன் அவுட் கொடுக்காத அம்பயரைப் பார்த்து "கண்ணாடி போடுங்க சார்" என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான் சொன்னான்.

ஒழுங்கு நடவடிக்கைக் குழு என்று கூப்பிட்டார்கள். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் ஒரு அறை, மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. நடுவில் உட்கார்ந்திருந்தவர், பட்டியலில் எங்களுக்கு ஒரு புள்ளி மேலே இருந்த கிளப்பின் செயலாளர். அவருக்கு முன்னால் டீயும் பிஸ்கட்டும். எங்கள் ஆளை நிற்கவைத்தே பேசினார்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஒரு வருடம் தடை என்ற கடிதத்தை உள்ளே இருந்து எடுத்துக் கொடுத்தார்கள். கடிதத்தில் போட்டிருந்த தேதி முந்தின நாள்.

அந்தத் தேதியைப் பார்த்ததும் பையன் சிரித்துவிட்டான். தடை ஆறு மாதமா ஒரு வருடமா என்பதெல்லாம் அதோடு போச்சு. அடுத்த வருடம் கூப்பிட்டும் ஆட வரவில்லை. இப்போது சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான், கீப்பிங் கிளவுஸ் ஷோகேஸில் இருக்கிறது. குமரன் சாரின் கேள்விக்கு என் பதில் அந்தத் தேதிதான்.

#13 மஞ்சப்படை மணி | காலை 11.41

முந்தின நாள் தேதி!! அட கடவுளே.

அந்த மார்ச் 17 இரவு நடந்ததை யாராவது முழுதாகச் சொல்லுங்கள், பாதியில் நிற்கிறது.

#14 மொன்றியல் குமரன் | மதியம் 1.15

முருகேசன் அண்ணையின் கடிதத்தை நான் கீழ்வீட்டுக் கிழவருக்குச் சொல்லப் போகிறேன்.

மார்ச் 17 இரவு. பகலிலேயே காம்பெலின் அலுவலகத்துக்கு மிரட்டல் தொலைபேசி. இன்றைக்கு வராமல் இருந்தால் நல்லது என்று சொல்லியும் பார்த்தார்கள். அவர் கேட்கவில்லை. ஃபோரமுக்கு வெளியே "காம்பெல் ஒழிக" பதாகைகளோடு கூட்டம். உள்ளே முதல் கட்டம் பாதி ஓடி, டெட்ராய்ட் 2-0 என்று முன்னால் நிற்கும்போது காம்பெல் தன் செயலாளரோடு உள்ளே வந்தார். ரிஷாரும் அன்று அரங்கத்தில்தான் இருந்தார், கோட்டு சூட்டோடு பார்வையாளராக.

முதலில் கூச்சல். பிறகு முட்டை, தக்காளி. கோல் விழ விழ எறிவது கூடியது. முதல் கட்டம் முடியும்போது 4-1. இடைவேளையில் ஒருவன் கைகொடுக்கிறவன் போலச் சிரித்துக்கொண்டு கிட்டப் போய்க் காம்பெலை அறைந்தான். கொஞ்ச நேரத்தில் அவருக்குப் பக்கத்திலேயே ஒரு கண்ணீர்ப்புகைக் குண்டு வெடித்தது. எறிந்த ஆளைக் கடைசி வரை பிடிக்கவில்லை. அந்தப் புகைதான் காம்பெலைக் காப்பாற்றியது என்று சொல்பவர்களும் உண்டு, இல்லாவிட்டால் சனம் அவர் மேலேயே பாய்ந்திருக்கும்.

தீயணைப்பு அதிகாரி அரங்கத்தைக் காலிசெய்யச் சொன்னார். காம்பெல் ஃபோரமின் மருத்துவ அறைக்குள் போய் இருந்துகொண்டு, டெட்ராய்ட் வென்றதாக ஒரு தாளில் எழுதி அனுப்பினார். உள்ளே இருந்த ஆயிரக்கணக்கான சனமும் இருமிக்கொண்டே வெளியே வர, அங்கே ஏற்கனவே நின்ற கூட்டத்தோடு கலந்தது. பிறகு சென் கத்தரின் தெரு நெடுக கல், போத்தல், பனிக்கட்டி. ஐம்பது கடை மட்டில் சூறை, பொலிஸ்காரர் 12 பேருக்கும் மற்றவர்கள் 25 பேருக்கும் காயம், சேதம் ஒரு லட்சம் டொலர் என்று மதிப்பிட்டார்கள். விடியப்புறம் மூன்று மணி மட்டும் போனது.

மறுநாள் ரிஷார் வானொலியில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பேசினார். தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன், அடுத்த வருடம் வந்து கோப்பை எடுக்க உதவுவேன், கலவரம் வேண்டாம் என்றார். அதோடு ஊர் அடங்கியது. காம்பெல் சொல்லி அடங்காத ஊர்.

#15 கணக்குப்பிள்ளை | மதியம் 2.50

எல்லோரும் கோபத்தைப் பேசுகிறீர்கள், நான் கூட்டல் கழித்தல் பேசுகிறேன்.

மார்ச் 17-க்கு முன் இரண்டு அணியும் சமம், 91 புள்ளி. அன்றைய ஆட்டம் டெட்ராய்டுக்கு வாக்ஓவர், 2 புள்ளி. 19-ஆம் தேதி மொன்றியல் நியூயார்க்கை வென்று 2 எடுத்தது. 20-ஆம் தேதி டெட்ராய்டில் 6-0 தோல்வி. கடைசியில் டெட்ராய்ட் 95, மொன்றியல் 93. முதலிடம் டெட்ராய்டுக்கு, அதனால் இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டமும் டெட்ராய்டில்.

லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையின் 1955 இறுதிப் போட்டியிலும் இதே இரண்டு அணிதான், ஏழு ஆட்டம் வரை போனது. ஏழிலும் வென்றது யார்? சொந்த ஊரில் ஆடிய அணி. ஒன்றுகூட விலக்கில்லை. ஏழாவது ஆட்டம் மொன்றியலில் நடந்திருந்தால் என்று யோசித்துப் பாருங்கள். குண்டு போட்ட புண்ணியவானுக்கு ஸ்டான்லி கோப்பையில் பங்கு உண்டு, டெட்ராய்ட் பக்கம்.

#16 கூடிசன் ராஜா | மதியம் 3.04

இதைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அபாரம் பிள்ளைவாள்.

#17 வரலாற்று வாத்தி | மாலை 5.25

"பின்விளைவு" பற்றி இரண்டு வார்த்தை. இந்தக் கலவரத்தை, மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தின் "அமைதிப் புரட்சி"க்கு (1960-களில் அங்கே வந்த பெரிய அரசியல், சமூக மாற்றம்) தொடக்கம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. பொறுமையாகப் போவோம்.

அன்றைய மொன்றியலில் பெரும்பான்மை பிரெஞ்சு பேசுபவர்கள். வங்கி, தொழிற்சாலை, பெரிய கடை எல்லாவற்றிலும் மேலாளர் ஆங்கிலம் பேசுபவர், காம்பெலைப் போல. மாகாண முதல்வர் டுப்ளெசி தொழிற்சங்கங்களை நசுக்கிக்கொண்டு இருந்தார். ஆண்ட்ரே லோரன்டோ என்ற பத்திரிகையாளர், கலவரம் நடந்து நாலு நாள் கழித்து லெ டெவுவார் நாளிதழில் "என் சகோதரன் ரிஷாரைக் கொன்றுவிட்டார்கள்" என்று தலைப்பிட்டு எழுதினார். 1885-ல், கனடா அரசுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்த பிரெஞ்சு பேசும் தலைவர் லூயி ரியேல் தூக்கிலிடப்பட்டபோது எழுந்த வாசகத்தின் எதிரொலி அது. ஹாக்கித் தடையைத் தூக்குக் கயிற்றோடு வைத்துப் பேசியதில் கிண்டலும் இருந்தது, வலியும் இருந்தது. சனத்துக்கு அந்த இணைப்பு உடனே புரிந்தது என்பதுதான் செய்தி.

ஆனால் 1949-லேயே ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்துவிட்டது. ஆட்சி மாற்றம் வந்தது 1959-ல் டுப்ளெசி இறந்து, 1960 தேர்தலில் எதிர்க்கட்சியின் லெசாஜ் ஜெயித்த பிறகு. ஒரு ராத்திரிக் கல்லெறி மாகாணத்தை மாற்றிவிடாது. கலவரக்காரரில் பாதிப் பேருக்கு நோக்கம் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சரக்கு.

#18 மொன்றியல் குமரன் | மாலை 6.40

வாத்தியாருக்கு வணக்கம். பாதி ஒத்துக்கொள்கிறேன்.

மற்றப் பாதி இப்படி. நான் யாழ்ப்பாணத்தில் இருந்து இங்கே வந்தவன். என் மகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கப் போனபோது முடியாது, பிரெஞ்சுப் பள்ளிதான் என்றார்கள். 1977-ன் 101-ஆம் சட்டம். வெளியில் இருந்து வந்தவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சில்தான் படிக்க வேண்டும். அன்றைக்கு எனக்குக் கோபம். இந்த மொழி இவளுக்கு எதற்கு என்று வீட்டில் கத்தினேன். இவர்கள் ஏன் இப்படி மொழியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று எனக்கு விளங்கவைத்தது சட்டப் புத்தகம் இல்லை, இந்தக் கிழவரின் ஹொக்கிக் கதைதான். அவருடைய அப்பா நாற்பது வருடம் ஓர் ஆலையில் வேலை செய்தவர். மேலாளரிடம் விடுப்புக் கேட்க ஆங்கிலத்தில் இரண்டு வசனம் பாடமாக்கி வைத்திருந்தாராம், வேறு ஆங்கிலம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு வசனத்தையும் சொல்லிச் சொல்லிப் பார்ப்பாராம். அந்த வீட்டில் காம்பெல் என்ற பெயர் எப்படிக் கேட்டிருக்கும்?

ஒரு மாகாணத்தின் ஆத்திரத்துக்கு ஸ்டிக்கும் ஸ்கேட்டும் காரணம் ஆகாது, சரி. எங்கட ஊரில் மொழியால் ஒதுக்கப்பட்ட சனத்துக்கு இது புதுக் கதையும் இல்லை.

#19 வரலாற்று வாத்தி | மாலை 7.12

அந்த இரண்டு வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை. வாபஸ் வாங்கவில்லை, ஆனால் கொஞ்சம் தள்ளி உட்காருகிறேன்.

#20 சேப்பாக்கம் சேகர் | மாலை 7.30

காம்பெல் பிறகு என்ன ஆனார்? வேலை போயிற்றா?

#21 நிலா | மாலை 7.48

எங்கே போவது. 1977 வரை அவரேதான் லீக் தலைவர். கலவரத்துக்கு மறுநாள் மேயர் ட்ரப்போ, காம்பெல் அரங்கத்துக்கு வந்ததே தூண்டிவிட்டது என்று வெளிப்படையாகவே குறை சொன்னார். காம்பெல் அசையவில்லை. இன்னொரு விசித்திரம், 1980-ல் ஒரு செனட்டருக்கு லஞ்சம் கொடுத்த வழக்கில் அவரே குற்றவாளி ஆனார். 25,000 டாலர் அபராதம், பெயருக்கு ஒரு நாள் சிறை. (இதை வைத்து 1955 தீர்ப்பு தப்பு என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். அது வேறு, இது வேறு.)

ரிஷார் பக்கம்: 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து ஸ்டான்லி கோப்பை. வானொலியில் சொன்னதைச் செய்தார். 2000 மே மாதம் இறந்தபோது மாகாண அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள், ஒரு லட்சத்துக்கு மேல் சனம் வரிசையில் நின்று பார்த்தது.

#22 மஞ்சப்படை மணி | மாலை 8.01

எங்கள் 4 கோடியை யாராவது வானொலியில் சொல்லித் திருப்பி வாங்கித் தருவீர்களா?

#23 மொன்றியல் குமரன் | மார்ச் 20, இரவு 9.30

இரண்டு நாளாக வரமுடியவில்லை. இன்றைக்குக் கிழவரைக் கூட்டிக்கொண்டு பழைய ஃபோரம் கட்டடத்துக்குப் போனேன். அணி 1996-லேயே வேறு அரங்கத்துக்குப் போய்விட்டது, இது இப்போது சினிமாத் தியேட்டர். வாசலில் பொப்கோர்ன் மணம். போகும் வழியில் கைப்பேசியில் இந்த இழையை அவருக்குப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே போனேன். முந்தின நாள் தேதி போட்ட கடிதத்துக்கு பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். கணக்குப்பிள்ளையின் கூட்டலை மட்டும் ஏற்கவில்லை. "அப்போதே 4-1. குண்டு விழாவிட்டாலும் தோற்றிருப்போம்" என்றார். அறுபது எழுபது வருடமாக யோசித்து வைத்த பதில் போல இருந்தது.

அண்ணன் அன்றைக்கு வீட்டுக்கு என்ன கொண்டுவந்தார் என்று கேட்டேன். ஒரு சப்பாத்து. ஒன்றுதான். கடைக் கண்ணாடியில் அழகுக்கு ஒற்றைச் சப்பாத்துத்தானே வைப்பார்கள், அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்திருக்கிறார். இடது கால்.

#24 சேப்பாக்கம் சேகர் | இரவு 9.36

2018-ல் காவிரிக்காகச் சேப்பாக்கத்துக்குள் விழுந்ததும் ஷூதான். அதற்கப்புறம் ஹோம் மேட்சையெல்லாம் புனேவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அம்மா அடித்திருப்பார்களே?

#25 மொன்றியல் குமரன் | இரவு 9.41

அடித்தாராம். அந்தச் சப்பாத்தாலேயே.